ஆல்டோ வரிசையில் ஒரு கொட்டாவி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது லாண்டரி. மேலே நாலு மாடி முழுக்க நோயாளிகள், கீழே அவர்களுடைய துணிகள். ஜன்னல் என்று ஒன்று கூரையை ஒட்டி இருந்தது. அதில் தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும்தான் தெரியும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் சுடச்சுட வந்து விழும். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து கைசேர்த்து, நாலாக மடித்து, இருபது இருபதாகக் கட்டி அடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைச் செய்தவர்தான் லாண்டரி அக்கா. மேலே இருக்கிற பெரிய டாக்டர் முதல் வாசலில் நிற்கிற காவலாளி வரை எல்லோருக்கும் அவர் லாண்டரி அக்காதான். வீட்டில் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

அவருடைய எண்ணிக்கை தப்பாது. பேச்சுக்காகச் சொல்வதில்லை. பக்கத்தில் மடிக்கிறவள் மாமியார் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அக்கா "அப்புறம்?" கேட்பார், "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, விடு" என்று ஆறுதல் சொல்வார், நடுவில் போன் வந்தால் எடுத்துப் பேசவும் செய்வார். கடைசியில் யாராவது எத்தனை என்று கேட்டால், "இருநூத்தி பதினாறு, ஒண்ணு கிழிஞ்சிருக்கு" என்பார். ஒருமுறை மூன்றாம் மாடி நர்ஸ் ஒருத்தி தலையணை உறை நாலு குறைகிறது என்று கீழே இறங்கி வந்து சத்தம் போட்டாள். அக்கா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "போய் எண்ணிட்டு வா" என்றார். அவள் போனாள், எண்ணினாள், திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் அக்கா சொன்ன எண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இப்படிப்பட்டவர் பாட்டுக்குப் போனதே ஒரு வேடிக்கை. அவருடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, தபால் ஆபீஸில் வேலை. நல்ல குரல், ஆனால் பயந்த சுபாவம். ஊரில் ஒரு கூட்டுப் பாடகர் குழு இருந்தது, கூடவே ஒரு வாத்தியக் குழு. சம்பளம் வாங்காமல், ஆசைக்காக வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள். அதில் சேர வேண்டும் என்று நாத்தனாருக்குக் கொள்ளை ஆசை, தனியாகப் போகத்தான் தைரியம் இல்லை. "ஒரே ஒரு நாள் கூட வாங்க அண்ணி, வாசல்ல விட்டுட்டுப் போயிருங்க" என்று கெஞ்சினாள். அக்கா போனார். வாசலில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை மாலைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, மடக்கு நாற்காலிகளைப் பரப்புவார்கள். கூடம் முழுக்கப் பாத்திரம் கழுவின சோப்பு வாசனை. முன்னால் வாத்தியக்காரர்கள் முப்பது பேர், பின்னால் பாடுகிறவர்கள் நாற்பது பேர். நடத்துகிறவர் ஊரின் பல் டாக்டர். வாரம் ஏழு நாளும் எதிரே இருப்பவர்களை வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்வதுதான் அவர் பிழைப்பு என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவரும் விடமாட்டார். "அங்க திறந்தா வலிக்கும், இங்க திறந்தா வலிக்காது, அப்புறம் என்ன?" என்பார்.

அக்காவை ஆல்டோவில் உட்கார வைத்தார்கள். பெண்களில் தாழ்ந்த குரல்காரர்களின் வரிசை அது. முதல் நாள் இசைத்தாளைக் கையில் கொடுத்தபோது, ஈ மொய்த்த காகிதம் மாதிரி இருந்தது அவருக்கு. எந்தப் புள்ளி எந்தச் சுரம் என்று எதுவும் விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. தாளில் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு. ஆல்டோ பாடாமல் சும்மா இருக்க வேண்டிய கட்டங்கள் வந்தால், இத்தனை கட்டம் சும்மா இரு என்று மேலே எண் போட்டிருந்தது. அடேயப்பா, இவ்வளவுதானா என்று நினைத்தார் அக்கா. ஒரு கட்டத்துக்கு ஒரு விரிப்பு, நாலு தட்டுக்கு நாலு மடிப்பு. மனசுக்குள் மடித்து அடுக்கிக்கொண்டே போனார். சுரத்தை நாத்தனாரிடம் கேட்டுக் கேட்டுப் படிய வைத்துக்கொண்டார். எண்ணிக்கையை யாரிடமும் கேட்கவில்லை.

கூட்டுப் பாட்டில் பாடுவது பெரிய கஷ்டமே இல்லை. சும்மா இருந்துவிட்டுச் சரியான இடத்தில் தொடங்குவதுதான் கஷ்டம். முப்பது கட்டம் வாய்மூடி நின்ற பிறகு, முப்பத்தோராவது கட்டத்தின் இரண்டாவது தட்டில் தொடங்கு என்றால், படித்தவர்களே தடுமாறுவார்கள். ஒரு கட்டம் முன்னால் பாடிவிட்டால் மானம் போச்சு. ஆகவே எல்லோரும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா வந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஆல்டோ வரிசை முழுக்க அக்காவைப் பார்த்தது.

பார்த்தது என்பதுகூடச் சரியில்லை, கேட்டது. பாட்டு தொடங்கும் முன்னால் அக்கா ஒரு மூச்சு இழுப்பார். வாய் திறந்து, தோள் ஒரு விரற்கடை உயர, நல்ல பெரிய மூச்சு. அந்த மூச்சோடு மற்ற பன்னிரண்டு பேரும் மூச்சு இழுப்பார்கள், பாட்டு வரும். கத்தியால் வெட்டின மாதிரி பதிமூன்று பேரும் ஒரே நொடியில் தொடங்குவார்கள். இப்படிச் செய்வோம் என்று யாரும் யாரிடமும் பேசி வைத்ததில்லை. எல்லா வருஷமும் ஆல்டோதான் துல்லியம் என்று பல் டாக்டர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். கண்ணாடிக் கடைக்காரம்மா, வரிசையிலேயே மூத்தவர், அந்தப் பாராட்டைத் தலையை நிமிர்த்தி வாங்கிக்கொள்வார். அவர் ஒரு கட்டம்கூட எண்ணியதில்லை.

அக்காவுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். வீட்டில் ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தார், வீட்டுக்காரரிடம். அவர் லிஃப்ட் மெக்கானிக். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பதிமூணு பேர் லிஃப்ட்ல ஏறியிருக்காங்க, கயிறு ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்றே. எங்க ஆபீஸ்ல இதுக்கு லைசென்ஸ் குடுக்கமாட்டாங்க."

"கயிறு கெட்டியா இருக்குல்ல, உங்களுக்கென்ன?" என்றார் அக்கா.

பதினோராம் வருஷம் பெரிய வேலை ஒன்றைக் கையில் எடுத்தார்கள். முந்நூறு வருஷப் பழைய ஓரட்டோரியோ. வேஷம் கிடையாது, நாடகக் காட்சி கிடையாது, நின்ற இடத்தில் நின்றபடியே வேதக் கதை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாடித் தீர்ப்பது. கதை பெருவெள்ளத்தின் கதை. உலகமே தண்ணீராகி, பேழைக்குள் ஒரு குடும்பமும் மிருகங்களும் மிதந்து, கடைசியில் தண்ணீர் வடிந்து கதவு திறக்கிறது. இரண்டு மணி நேரம். அதில் கடைசிப் பாட்டுதான் மலை. ஓபோ என்கிற நீளக் குழல் தனியாக ஒரு மெட்டை வாசிக்கும், அடியில் செலோ என்கிற பெரிய பிடில் மட்டும் மெல்லத் துணை போகும், இருபத்திரண்டு கட்டம். அது முடிந்ததும் ஆல்டோ மட்டும், வேறு ஒரு குரலும் துணைக்கு இல்லாமல், "நிலம், இதோ நிலம்" என்று தொடங்க வேண்டும். ஆறு கட்டம் கழித்து ஆண்களில் உயர்ந்த குரல்காரர்களான டெனர் அதே வரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவரும், அப்புறம் மற்ற குரல்கள். ஒருவரை ஒருவர் துரத்துகிற பாட்டு. ஆல்டோ சறுக்கினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள்.

கச்சேரிக்கு ஆறு வாரம் முன்னால், வாத்தியக்காரர்களோடு சேர்ந்து முதல் ஒத்திகை. அன்றைக்கு லாண்டரியில் ஒருத்தி வராததால் அக்கா காலையிலிருந்து இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார். கடைசிப் பாட்டு வந்தது. ஓபோ வாசிக்கிறவர் டிராஃபிக் போலீஸ்காரர், கன்னத்தை உப்பிக்கொண்டு அழகாக ஆரம்பித்தார். அக்கா மனசுக்குள் மடிக்கத் தொடங்கினார். பத்து, பதினொன்று. ஓபோவின் மெட்டு தாலாட்டு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பதினாறு. பதினேழாவது கட்டத்தில், பாவம் மனுஷி, அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல், வாயைத் திறந்து தோளை உயர்த்தி ஒரு கொட்டாவி விட்டார்.

"நிலம், இதோ நிலம்!"

பன்னிரண்டு பேர். ஒரே நொடியில், ஒரே குரலில், கூரையைத் தொடுகிற தைரியத்தோடு. ஆறு கட்டம் முன்னால். தப்பு என்றாலும் அப்படி ஒரு அழகான தப்பை அந்தக் கூடம் கேட்டிருக்காது. பாடாமல் இருந்தவர் ஒரே ஒருத்தர், அவர் பாதி கொட்டாவியோடு வாய் மூடாமல் நின்றிருந்தார். போலீஸ்காரர் குழலை இறக்கிவிட்டு, சிவப்பு விளக்கில் பாய்ந்த லாரியைப் பார்ப்பதுபோல ஆல்டோ வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

பல் டாக்டர் தாளம் காட்டுகிற கைக்கோலைக் கீழே வைத்தார். அவர் கோபித்துக்கொண்டால் சத்தம் வராது. "ஆல்டோல எத்தனை பேரு எண்றீங்க?" என்று கேட்டார்.

பன்னிரண்டு பேரும் மெதுவாகத் தலையைத் திருப்பி ஒருத்தரைப் பார்த்தார்கள். அதுவே பதிலாகிவிட்டது.

ஒத்திகை முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, டெனர்ல மூணே பேர்தான் இருக்காங்க. உங்களுக்குத் தாழ்ந்த குரல், அந்த வரி தாராளமா வரும். அடுத்த வாரத்துல இருந்து அங்க நில்லுங்க."

"எனக்குத் தண்டனையா டாக்டர்?"

"உங்களுக்கு இல்லக்கா, அவங்களுக்கு. நாளைக்கே உங்களுக்கு ஒரு ஜலதோஷம் பிடிச்சுதுன்னு வைங்க, மொத்தக் கச்சேரியும் படுத்துக்கும். ஒரு பல்லுல பன்னெண்டு பல்லையும் கட்டி வச்சா, அந்த ஒண்ணு ஆடும்போது எல்லாம் ஆடும்."

அக்கா சரி என்றார். வேறு என்ன சொல்வது? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "அண்ணி, நீங்க இல்லாம நான் மேடை ஏறமாட்டேன். சத்தியமா ஏறமாட்டேன்."

"ஏறாம? பதினொரு வருஷம் முன்னாடி என்னை மழையில இழுத்துட்டு வந்தது யாரு? சும்மா அழாதே, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாளே அக்கா காரியத்தில் இறங்கினார். நாத்தனாரைச் சமையலறையில் நிறுத்தி, அலமாரியிலிருந்த விரிப்புகளையெல்லாம் உதறிப் போட்டு, "மடிச்சுட்டே எண்ணு. நான் பேசிட்டே இருப்பேன், நீ பதிலும் சொல்லணும்" என்றார். நாத்தனார் ஏழு வரைக்கும் வந்தாள். "உன் ஆபீஸ்ல அந்த போஸ்ட்மாஸ்டர் இன்னும் அப்படியேதான் இருக்காரா?" என்று அக்கா கேட்டதும், விரிப்பைப் போட்டுவிட்டு போஸ்ட்மாஸ்டரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். ஒரு வாரம் இப்படியே போனது. வீட்டில் இருந்த விரிப்பெல்லாம் மடிந்து மடிந்து பஞ்சாகிப் போனதுதான் மிச்சம்.

"எனக்கு வராது அண்ணி" என்றாள் நாத்தனார் கடைசியில். "எண்ண ஆரம்பிச்சா பாட்டே மறந்துபோகுது. நான் வேற மாதிரி பண்ணிக்கறேன். அந்த ஓபோ இருக்கில்ல, முடியறதுக்கு முன்னாடி மூணு தடவை சுத்திட்டு, படி இறங்கற மாதிரி ஒண்ணு வாசிக்கறார். அதைக் கேட்டுட்டு மூச்செடுத்தா சரியா இருக்கு. மத்தவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "கேட்டுட்டுப் பாடறதா? நல்லா இருக்கு. அந்தப் போலீஸ்காரர் தூங்கிப்போனா எல்லாரும் சேர்ந்து தூங்குவீங்களா? எண்ணிக்கைதான்டி நிச்சயம். மத்ததெல்லாம் அதிர்ஷ்டம்."

டெனர் வரிசையில் அக்காவுக்கு ராஜ மரியாதை. மூன்று பேரில் பெரியவர் பேக்கரிக்காரர், கை முட்டி வரைக்கும் எப்போதும் மாவு வாசனை. "வாங்கக்கா, எங்க கஷ்டமெல்லாம் தீந்துச்சு" என்றார் வாயெல்லாம் பல்லாக.

"என்ன கஷ்டம்?"

"எண்ணறதுதான். இனிமே நீங்க பாத்துக்குவீங்க."

"அந்தக் கதையே வேண்டாம்" என்றார் அக்கா. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு மூக்கால் சத்தமே வராமல் மூச்செடுத்தார். தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டெனர்காரர்கள் இரண்டு வாரம் திருதிருவென்று முழித்தார்கள். மூன்றாவது வாரம் வேறு வழியில்லாமல் தாங்களே எண்ணத் தொடங்கினார்கள், பேக்கரிக்காரர் உதடு அசைய. ஒருமுறை பட்டது போதும் என்று இருந்தது அக்காவுக்கு.

ஆல்டோவின் பாடுதான் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் வாரம் யாருமே தொடங்கவில்லை. ஓபோ முடிந்து, செலோ முடிந்து, கூடத்தில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது வாரம் கண்ணாடிக் கடைக்காரம்மா ஒரே ஒருத்தர் துணிந்து தொடங்கிவிட்டு, யாரும் வரவில்லை என்றதும் இருமுவதுபோலச் சமாளித்தார். மூன்றாவது வாரம் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் ஒரு பக்கம். ஐந்தாவது வாரம் சரியாக வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். கச்சேரிக்கு முந்தின நாள் கடைசி ஒத்திகையில் மறுபடி சறுக்கியது. ஒவ்வொரு தடவையும் அக்கா எதிர்ப்பக்கம் டெனர் வரிசையில் நின்று, உள்ளங்கையில் நகம் பதிய, அவர்களுக்கும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு, இப்ப, இப்ப மூச்செடுங்கடி என்று மனசு கூவும். வாய் திறக்கக் கூடாது.

கச்சேரி அன்று காலையில் கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "என்ன, முகம் இப்படி இருக்கு? விழுந்துருவாங்கன்னு பயமா?" என்று கேட்டார்.

"விழுந்தா நான் உயிரோட இருக்கமாட்டேன்."

"விழமாட்டாங்க, விடு."

அக்கா இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே நிறுத்தினார். "விழலன்னா?"

"விழலன்னா என்ன? நல்லதுதானே?"

"விழலன்னா, நான் இத்தனை வருஷமா அங்க என்ன பண்ணிட்டு இருந்தேன்? அவங்களுக்கு நான் வேண்டியதே இல்லைன்னுதானே ஆகுது?" சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். ஆறு வாரமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது அதுதான். அவர்கள் விழவும் கூடாது, விழாமல் போய்விடவும் கூடாது. ஒரே மனசில் இரண்டும் உட்கார்ந்து ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன.

எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனுஷன் அன்றைக்குக் கேலி பேசவில்லை. "பதினொரு வருஷமா அவங்க பயமில்லாம பாடினாங்க. அதைத்தான் நீ பண்ணிட்டு இருந்தே. சட்டை கருகுது, பாரு" என்றார்.

கச்சேரி ஒரு பழைய தேவாலயத்தில். கல் தரை, உயரமான கூரை, ஒரு மூச்சு விட்டால்கூட அது மேலே போய்த் திரும்பி வரும். பெஞ்சுகள் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பாதி பேர் பாடுகிறவர்களின் சொந்தக்காரர்கள், மீதி பேர் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள். லாண்டரியிலிருந்து நாலு பேர் வந்து முன்வரிசைக்கு அடுத்ததில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளம் வந்தது, உலகம் மூழ்கியது, பேழை மிதந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பல் டாக்டரும் கூட்டமும் அன்றைக்கு உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

கடைசிப் பாட்டுக்குப் பாடுகிறவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எதிர்ப்பக்கம் நாத்தனார் நின்றாள், கண் ஓபோக்காரர் மேலேயே இருந்தது. அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஓபோ தொடங்கியது. அவர் மடிக்கத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. பத்து. பதினைந்து. பதினெட்டு. பத்தொன்பது. இன்னும் மூன்று கட்டம் இருக்கிறது, இன்னும் மூச்செடுக்க வேண்டாம், பொறு, பொறு என்று மனசு கதறிக்கொண்டிருந்தது. இருபது.

இருபது முடிந்ததும் ஆல்டோ பாடிவிட்டது.

"நிலம், இதோ நிலம்."

போச்சு என்று நினைத்தார் அக்கா. இரண்டு கட்டம் முன்னால். மறுபடியும், இத்தனை பேர் முன்னால். தலையை நிமிர்த்தினார். பல் டாக்டரின் இடதுகை ஆல்டோ வரிசையை நோக்கி நீண்டிருந்தது. முகத்தில் பதற்றம் எதுவுமில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். செலோ அவர்களோடு சரியாகப் போய்க்கொண்டிருந்தது. போலீஸ்காரர் மட்டும் குழலை மடியில் வைத்துக்கொண்டு, காது சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. ஊரையெல்லாம் நிறுத்தி வைக்கிற மனுஷன் அன்றைக்குத் தானே சிக்னலைத் தாண்டிவிட்டார். மெட்டின் நடுவில் இரண்டு கட்டத்தை விட்டுவிட்டு நேரே முடிவுக்குப் பாய்ந்துவிட்டார். டாக்டர் கூடவே பாய்ந்தார், செலோவும் பாய்ந்தது. ஆல்டோ பன்னிரண்டு பேரும் அந்தப் படி இறங்குகிற சுருளைக் கேட்டார்கள், மூச்செடுத்தார்கள், பாடினார்கள். கேட்காமல் எண்ணிக்கொண்டிருந்தவர் ஒருத்தர்தான். அவர் அந்த வரிசையில் நின்றிருந்தால் பன்னிரண்டு பேரையும் இரண்டு கட்டம் சும்மா நிற்க வைத்து, மொத்தப் பேரையும் கையோடு தண்ணீரில் இறக்கியிருப்பார்.

மூக்கு உடைந்ததுபோலத்தான் இருந்தது, ஒரு நொடிக்கு. அவமானம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. ஏனென்றால் காதில் அந்தக் குரல்கள் விழுந்துகொண்டிருந்தன. அவர் ஆல்டோவை அதுவரை கேட்டதேயில்லை. உள்ளே நின்று, அடுத்த இடத்தையும் அதற்கடுத்த இடத்தையும் எண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கேட்க ஏது நேரம்? இப்போது வெளியே நின்று கேட்டார். கண்ணாடிக் கடைக்காரம்மாவின் கரகரப்பு அடியில் தரைபோல விரிந்திருந்தது. அதன்மேல் நாத்தனாரின் குரல், பஸ்ஸில் மூக்கை உறிஞ்சிய அதே நாத்தனாரின் குரல், எந்தப் பயமும் இல்லாமல் நடந்து போனது. மற்ற பதினொரு பேரும் அவளோடு நடந்தார்கள். இவ்வளவு அழகா, இதையா நான் இத்தனை வருஷம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன் என்று நினைத்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

ஆறு கட்டம் முடிந்து டெனரின் இடம் வந்தது. பேக்கரிக்காரர் ஆல்டோ தொடங்கின இடத்திலிருந்து உதடு அசைய ஆறு எண்ணி முடித்துத் தொடங்கினார், மற்ற இரண்டு பேரும் தொடங்கினார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. பேக்கரிக்காரர் முழங்கையால் லேசாக இடித்தார். அப்போதும் இல்லை. பிறகு மற்ற குரல்களும் வந்து சேர்ந்து, கூரை வரைக்கும் "நிலம், இதோ நிலம்" என்று எழும்பி நின்றபோதுதான், எந்த வரி, எந்தக் கட்டம் என்று எதுவும் தெரியாமல், அக்காவும் அவர்களோடு கலந்து பாடினார்.

கச்சேரி முடிந்து, பூட்டிக் கிடந்த வாத்தியப் பெட்டிகளுக்கு நடுவே எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அக்கா, டெனர்ல ஒரு ஆள் குறைஞ்ச மாதிரி இருந்துச்சே?"

"நான்தான் டாக்டர். ஓபோ தாண்டினதைக் கவனிக்கவே இல்லை. நான் பாட்டுக்கு இருபதுன்னு எண்ணிட்டு இருந்தேன்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார், லாண்டரிப் பெண்கள் நாலு பேரும் பக்கத்தில் நின்றிருந்தும். அதுதான் அவர். தப்பை மடித்து ஒளித்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அதற்குள் நாத்தனார் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கேட்டீங்களா? நாங்களேதான். கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேன்டி" என்றார் லாண்டரி அக்கா. "என் இடம் வந்துச்சு, போச்சு. நான் உங்களைக் கேட்டுட்டே நின்னுட்டேன்."